தலைப்பைக் காணவில்லை: ஆத்தங்குடிப் பட்டறையின் கைப்புத்தகமும் ஒரு பைதான் மாணவியும்

பின்னணி

ஆத்தங்குடியில் பூக்கல் (பூவேலை செய்த தரைக்கல்) போடும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறார் இந்தப் பெண். பி.காம். முடித்தவர். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறார். பைதான் என்ற நிரல்மொழியை எந்த வகுப்புக்கும் போய்ப் படிக்கவில்லை; வீடியோ பார்த்து, நோட்டில் எழுதி, தானாகவே கற்றுவருகிறார். நிரலில் வழு (பக்) எங்காவது முற்றிப்போனால் மட்டும் என்னிடம் வருவார்.

பட்டறை முதலாளிக்கு ஒரு தலைவலி. வெளியூரில் கல் வாங்கியவர்களும் அவர்களுடைய கொத்தனார்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போனில் கேட்கிறார்கள். எந்த டிசைனுக்கு எந்த எண், பதித்த பிறகு எப்படித் துடைப்பது, கறை போக ஆசிட் ஊற்றலாமா (கூடாது, சிமெண்ட் முகம் போய்விடும்) என்று. இதற்கெல்லாம் போனில் திறக்கிற மாதிரி தமிழில் ஒரு கைப்புத்தகம் வேண்டும் என்றார். கணக்குப் பெண் "நான் செஞ்சு தர்றேன்" என்று எடுத்துக்கொண்டார்.

கல் போடும் முறை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியை ஒட்டி இருந்த பக்கம்தான் பளபளப்பான முகம். கைப்புத்தகத்தின் பக்கங்கள் கல், அச்சு, மணல், கலர், தளம் என்று போகும்.

மென்பொருளாக அவர் தேர்ந்தெடுத்தது ஸ்பிங்க்ஸ். பைதான் மொழியின் ஆவணங்களுக்காக கியார்க் பிராண்டல் எழுதி 2008இல் வெளியிட்டது. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் எளிய குறியீட்டில் எழுதிய கோப்புகளை வலைப்பக்கங்களாக மாற்றித் தரும். உள்ளே குறியீட்டைப் படித்துப் புரிந்துகொள்வது டாக்யூடில்ஸ் என்ற வேறொரு நிரல் தொகுப்பு. என்னைக் கேட்டிருந்தால் இந்த வேலைக்கு ஒரு கூகுள் டாக்ஸ் போதும் என்றிருப்பேன். ஆனால் அவருக்கு வேலையோடு பைதானும் ஓட வேண்டும் என்ற ஆசை. அதில் தப்பு சொல்ல முடியாது.

வந்த புகார்

"அண்ணே, அச்சுப் பக்கத்துக்குத் தலைப்பு போட்டிருக்கேன். கண்ணு முன்னாடி இருக்கு. தலைப்பே இல்லைங்குது."

கோப்பைத் திறந்தால் தலைப்பு இருந்தது:

அச்சு
===

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் ஒரு வரிக்குக் கீழே இப்படிக் கோடு போட்டால் அது தலைப்பு. ஆனால் இடப்பக்கப் பட்டியலில் அச்சுப் பக்கம் வரவில்லை. பில்டு (கோப்புகளை வலைப்பக்கங்களாக்கும் ஓட்டம்) ஓடும்போது ஓர் எச்சரிக்கை: பட்டியலில் உள்ள இந்த ஆவணத்துக்குத் தலைப்பு இல்லை, ஆகவே இணைப்பு உருவாக்கப்படாது என்று. பக்கத்தின் முகவரியை நேரே தட்டினால் பக்கம் திறக்கிறது; மேலே தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண எழுத்தில் 'அச்சு ===' என்று நிற்கிறது.

இதே கைப்புத்தகத்தில் 'கல்' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டே இரண்டு சமக்குறிதான். அது ஒழுங்காக வந்திருந்தது. 'மணல்' மூன்று குறி, அதுவும் சரி. 'பூக்கல்' நான்கு குறி. தலைப்பாகவே வந்தது, ஆனால் கோடு நீளம் போதாது என்று எச்சரிக்கை கொடுத்தது. எழுத்தை எண்ணி எழுத்துக்கு ஒரு குறி என்று போட்டிருந்தார். கணக்கு எழுதுகிறவர் கை அல்லவா, எண்ணிக்கையில் ஒன்றும் பிசகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே விதி, விளைவு மட்டும் மூன்று விதம்.

இதற்கு முன் அவர் செய்து பார்த்தவை: சாட்பாட் ஒன்றைக் கேட்டு, அது சொன்னபடி பட்டியலின் உள்தள்ளலை மாற்றினார். தீமை மாற்றினார். ஸ்பிங்க்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பில்டு செய்து பார்த்தார். கடைசி வரி ஒவ்வொரு முறையும் 'பில்டு வெற்றி' என்றது. அதே வரியில் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த எச்சரிக்கைகளின் எண்ணிக்கையை அவர் கவனிக்கவில்லை. வெற்றி என்ற சொல்லைப் பார்த்த பிறகு வரியின் மிச்சத்தை யார் படிக்கிறார்கள்?

தேடிய விதம்

முதலில் பழைய பில்டு அடைவை முழுசாக அழிக்கச் சொன்னேன். ஸ்பிங்க்ஸ் மாறிய கோப்புகளை மட்டும்தான் திரும்ப எழுதும். மாறாத பக்கங்களின் இடப்பக்கப் பட்டியல் பழையபடியே கிடக்கும். சரிசெய்தது சரியாகாத மாதிரியும், சரியாகாதது சரியான மாதிரியும் தோன்றுவது பாதி இதனால்தான். அழித்தோம். வழு அப்படியே இருந்தது. நல்லது, ஒரு சந்தேகம் கழிந்தது.

அடுத்து பில்டுக்கு மைனஸ் டபிள்யூ என்ற சுவிட்சைப் போட்டோம். எச்சரிக்கைகளை எல்லாம் பிழையாகவே எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். இனி 'வெற்றி' என்று சொல்லி ஏமாற்றாது. பூக்கல்லும் காரைக்குடியும் சிமெண்டும் வரிசையாக மாட்டின. அச்சுக்கு மட்டும் 'கோடு போதாது' என்ற எச்சரிக்கைகூட இல்லை. தலைப்பு இல்லை என்பது மட்டும்தான்.

அப்புறம் வேறோர் அடைவில் புதுத் திட்டம் ஒன்று தொடங்கி, ஒரே ஒரு பக்கம், இரண்டே வரி வைத்துக்கொண்டோம். தீம் இல்லை, படம் இல்லை. வழு அங்கேயும் வந்தது. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனி மாற்றிப் பார்க்க இருப்பது சொல்லும் கோடும் மட்டுமே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். அச்சுக்கு நான்கு குறி போட்டால் தலைப்பு வந்துவிடுகிறது. பூக்கல்லுக்கு ஐந்து போட்டால் எச்சரிக்கை போய்விடுகிறது. காரைக்குடிக்கு ஒன்பது வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ கா, ரை, க், கு, டி என்று ஐந்து எழுத்துதான்.

பைதானைத் திறந்து காரைக்குடியின் நீளத்தைக் கேட்டார். 10 என்றது. ஒருங்குறியில் (யூனிகோடில்) க தனி, கால் தனி, ர தனி, ஐகாரக் கொம்பு தனி, புள்ளி தனி என்று எண்ணினால் பத்து வரும். ஆனால் டாக்யூடில்ஸ் கேட்பது ஒன்பது. ஒன்று எங்கே போனது?

காரணம்

டாக்யூடில்ஸ் நம் கணினியிலேயே பைதான் கோப்பாகத்தான் கிடக்கிறது. திறந்து படித்தோம். தலைப்பின் அகலத்தை அளக்கும் ஒரு சின்னச் செயற்கூறு (ஃபங்ஷன்) அதில் உண்டு. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரட்டை அகலம் கொடுத்துவிட்டு, 'இணைப்புக் குறி' வகையைச் சேர்ந்தவற்றைக் கழித்துவிடுகிறது. எது இணைப்புக் குறி என்று பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கேட்கிறது. அந்தத் தொகுதி, தமிழில் புள்ளிக்கு 9 என்று ஒரு வகை எண் தருகிறது. கால், கொம்பு, விசிறி, உகரக் குறி எல்லாவற்றுக்கும் பூஜ்யம். ஆக, புள்ளி கழிகிறது. மற்றக் குறிகள் தனி எழுத்தாக எண்ணப்படுகின்றன.

இப்போது எல்லாம் ஒட்டிவந்தது. 'கல்' என்பதில் க, ல, புள்ளி. புள்ளியைக் கழித்தால் 2. 'மணல்' 3. இவற்றில் உயிர்க்குறி ஏதும் இல்லை, அதனால் கண்ணால் எண்ணிய எண்ணும் நிரல் எண்ணிய எண்ணும் ஒன்றாகிவிட்டன. 'அச்சு' என்பதில் அ, ச, புள்ளி, ச, உகரக் குறி: ஐந்தில் ஒன்று கழித்து 4. போட்டிருந்ததோ 3. 'பூக்கல்' ஏழில் இரண்டு போக 5, போட்டிருந்தது 4.

பூக்கல்லை எச்சரித்தவன் அச்சை ஏன் சத்தமில்லாமல் விழுங்கினான்? டாக்யூடில்ஸில் இன்னொரு விதி. கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்து, நான்கு குறிக்கும் குறைவாகவும் இருந்தால், இது தலைப்பாக இருக்காது, யாரோ சும்மா போட்ட குறி என்று முடிவுகட்டிச் சாதாரண வரியாக்கிவிடும். அதைச் சொல்லவும் சொல்கிறது, ஆனால் 'தகவல்' தரத்தில். செய்திகளுக்கு அங்கே தகவல், எச்சரிக்கை, பிழை, கடும்பிழை என்று படிகள் உண்டு. ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கையிலிருந்துதான் காட்டும். எனவே உண்மையான காரணம் திரைக்கு வரவே இல்லை. அதன் பின்விளைவான 'தலைப்பு இல்லை' மட்டும் வந்தது.

இதை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக்குள் தலைப்பு வைப்பவர்கள் அரிது. நமக்கு கல், அச்சு, பூ, தூண் எல்லாம் முழுத் தலைப்பு.

தீர்வு ஒரு நிமிட வேலை. கோடு தலைப்பைவிட நீளமாக இருக்கலாம், தடையில்லை. எல்லாத் தலைப்புக்கும் கீழே நாற்பது சமக்குறி போட்டுவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. அன்றே போட்டுவிட்டார்.

அதோடு இன்னொன்றையும் சரிசெய்தோம். தலைப்பு தமிழில் இருந்தால் பக்கத்துக்குள் அதன் முகவரி ஐடி1, ஐடி2 என்று வரிசை எண்ணாகத்தான் அமையும், ஏனென்றால் டாக்யூடில்ஸ் அந்தப் பெயரை ஆங்கில எழுத்துகளிலிருந்து மட்டுமே ஆக்கும். நடுவில் புதுத் தலைப்பு ஒன்றைச் செருகினால் எண்கள் நகர்ந்துவிடும். துடைக்கும் முறை என்று கொத்தனாருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய இணைப்பு வேறு தலைப்பில் போய் நிற்கும். ஒவ்வொரு தலைப்புக்கு மேலும் ஆங்கில எழுத்தில் ஓர் அடையாளப் பெயர் கொடுத்த பிறகு அது நின்றது.

இலக்குகள்

அன்று அவருடைய நோட்டைப் புரட்டியபோது முதல் பக்கத்தில் இருந்தது இது: 6 மாதத்தில் பைதான் முழுவதும். அப்புறம் ஜாங்கோ (வலைத்தளம் கட்டும் பைதான் சட்டகம்). அப்புறம் மெஷின் லேர்னிங். தினம் 2 மணி நேரம்.

இந்தப் பட்டியலை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். வரிசை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இதில் எந்த வரியையும் ஒரு நாளும் 'முடிந்தது' என்று அடிக்க முடியாது. பைதான் முழுவதும் என்பது எங்கே முடிகிறது? 2 மணி நேரம் என்பதோ அவருடைய மாதத்துக்குள் அடங்காது. ஜிஎஸ்டி தாக்கல்களில் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. மாதத் தொடக்கத்திலிருந்து 20 வரை பில்லும் ரிட்டர்னுமாகவே போய்விடும். அதற்குள் இரண்டு முகூர்த்தம் வந்தால் கேட்கவே வேண்டாம். தவறிய நாள்களை அவர் நோட்டில் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருந்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு. சோம்பேறி என்று தன்னைத்தானே நம்பவும் தொடங்கியிருந்தார்.

இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் கப்பலேறிப் போய் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனிடம் 'வரவுசெலவு சாஸ்திரம் முழுவதும் படி' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைய சிட்டையைப் பேரேட்டில் ஏற்று. ஐந்தொகை இடிக்காமல் வர வேண்டும். வந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. கணக்கு எழுதுகிறவருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. "அப்ப பில்டு சுத்தமா ஓடுனா டேலி ஆயிடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதானேண்ணே?" என்றார். அவ்வளவுதான்.

பழைய பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. நோட்டின் பின்பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கினோம். ஒவ்வொரு இலக்கும் கையில் இருக்கும் ஒரு வழுவிலிருந்து பிறக்க வேண்டும், எது நடந்தால் முடிந்தது என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். நாள்கணக்கு கிடையாது, 21ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் கிடைக்கும் மாலைகள் போதும்.

முதல் இலக்கு: ஸ்பிங்க்ஸ் மறைத்துவிடும் குட்டைக் கோடுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு பைதான் நிரல். நாற்பது குறி போட்ட பிறகும் இது எதற்கு என்று கேட்கலாம். நாளைக்கு வேறு யாராவது ஒரு பக்கம் சேர்த்தால் மறுபடி மூன்று குறிதான் போடுவார்கள். முடிந்ததற்கு அடையாளம்: வேண்டுமென்றே கெடுத்துவைத்த அச்சு, பூக்கல் இரண்டையும் அது பிடிக்க வேண்டும், கல், மணல் இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

எழுதி ஓட்டியதும் நிரல் விழுந்தது. சார்மேப் என்ற குறிவிலக்கியால் 8ஆம் இடத்தில் உள்ள 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று செய்தி. இந்த முறை தேடலுக்கும் போகவில்லை, எனக்கும் போன் செய்யவில்லை. கோப்பில் இருப்பதே 'அச்சு' என்ற ஒரு சொல். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அ 0 முதல் 2 வரை, ச 3 முதல் 5 வரை, புள்ளி 6 முதல் 8 வரை. புள்ளியின் மூன்றாவது பைட்தான் 0எக்ஸ்8டி. விண்டோஸில் பைதான் கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று சொல்லாவிட்டால் அங்குள்ள பழைய சிபி-1252ஐ எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் 0எக்ஸ்8டிக்கு எழுத்தே கிடையாது. டாக்யூடில்ஸ் எண்ணாமல் விட்ட அதே புள்ளி இங்கே வாசலிலேயே தடுக்கி விழவைத்தது. கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டதும் ஓடியது. (பெப் 686 என்ற பைதான் மாற்ற முன்மொழிவின்படி பைதான் 3.15 முதல் யூடிஎஃப்-8தான் இயல்பு. அதுவரை ஒவ்வொரு முறையும் எழுதத்தான் வேண்டும்.)

இந்த ஒரு நிரலுக்குள் கோப்பு வாசித்தல், மடக்கு (லூப்), செயற்கூறு, சரத்தின் (ஸ்ட்ரிங்) நீளம், குறியாக்கம், பைதானோடு வரும் தொகுதியை அழைத்தல் எல்லாம் வந்துவிட்டன. அவர் பார்த்த வீடியோத் தொடரில் இவை தனித்தனி அத்தியாயங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தார். குறியாக்கம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் 'தேவைப்படாது' என்று தாண்டியிருந்தார். ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்துக்கு அது தேவைப்படாதுதான்.

இரண்டாவது இலக்கு சின்னது: ஒகர எழுத்துகள். 'கொ' என்பதில் குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாக் கோப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வரியை அதே நிரலில் சேர்த்தார். ஒரு மாலையில் முடிந்தது.

மூன்றாவது இலக்கு, தேடல்

ஸ்பிங்க்ஸ் தரும் தேடல் பெட்டியில் 'காரைக்குடி' என்று அடித்தால் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் வந்து நின்றது. காரணம் எழுத்து வடிவங்களைத் தேடும் பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'சொல்லெழுத்து' என்று வரையறுத்திருப்பதில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேராது. குறி வரும் இடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக நினைத்து வெட்டுகிறது. காரைக்குடி என்பது க, ர, க, க, ட என்று ஐந்து 'சொற்களாக' தேடல் அட்டவணையில் ஏறுகிறது. க இல்லாத தமிழ்ப் பக்கம் எங்கே இருக்கிறது?

ஸ்பிங்க்ஸில் புது மொழிக்கான தேடல் வகுப்பை நாமே எழுதிப் பதிவுசெய்ய வழி இருக்கிறது. அதற்கு வகுப்பு (கிளாஸ்), மரபுரிமை (இன்ஹெரிட்டன்ஸ்) இரண்டும் தெரிய வேண்டும்; இந்த வகை நிரலாக்கத்துக்குத்தான் ஓஓபி என்று பெயர். அவருடைய நோட்டில் 'ஓஓபி படிக்கணும்' என்று ஒரு வரி இருந்தது. படிப்பதற்கு இப்போது காரணம் கிடைத்தது. சொல்லை வெட்டும் பகுதியைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். அட்டவணையில் காரைக்குடி முழுசாக ஏறியது. பாதிதான் முடிந்திருக்கிறது. படிப்பவர் பெட்டியில் அடிப்பதை உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் தனியாக வெட்டுகிறது, அதுவும் குறிகளில்தான் வெட்டுகிறது. அதையும் மாற்ற வேண்டும். அதன் பிறகு 'காரைக்குடியில்', 'காரைக்குடிக்கு' என்று வேற்றுமை ஏறிய சொற்கள். ஸ்பிங்க்ஸோடு வந்து இறங்கும் ஸ்னோபால் ஸ்டெம்மர் பொதியில் தமிழ் வேர்ச்சொல் நிரலும் இருக்கிறது, ஆக அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஆனாலும் ஜாவாஸ்கிரிப்ட் அவர் இன்னும் தொடாத மொழி. இதை நான்காவது இலக்காகத் தனியே பிரித்துவைத்தோம். ஓர் இலக்கு வளர்ந்து இரண்டானால் இரண்டாக எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மறுபடி சிவப்பு வட்டம் வரும்.

அதுவரை கொத்தனார்கள் எப்படித் தேடுவார்கள்? தேடல் பெட்டியை எடுத்துவிட்டு, சொல்லடைவுப் பக்கத்தை முன்னால் வைத்தார். அதிலும் ஒரு கோளாறு. கலர்ப் பெயர்களில் பழுப்பு முன்னாலும் பவளம் பின்னாலும் வந்தது. அகராதியில் வ முந்தி, ழ பிந்தி. ஸ்பிங்க்ஸ் ஒருங்குறி எண்ணை வைத்து அடுக்குகிறது. அங்கே ர, ற, ல, ள, ழ, வ என்று வரிசை, ன என்பது ந-வுக்கு அடுத்து. இதை என்னிடம் சொல்லும்போதே அடுக்கும் நிரலை எழுதி முடித்திருந்தார். முதலாளி பார்த்துவிட்டு, கலர்களை அகரவரிசையில் யார் தேடுவார்கள், டிசைன் எண் வரிசையில் போடு என்றாராம். எண் வரிசைக்கு நிரலில் ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டை அடுத்த 3பி தாக்கல் முடிந்ததும் தொடங்குகிறார்.